இரட்டைத் தாழ்ப்பாள்

பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்கியவர், பாதிப் படியில் நின்று, திரும்பி ஏறிவந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிறார். பூட்டு அசையவில்லை. அசையாது என்பது அவருக்கும் தெரியும். "இருக்கட்டும், ஒண்ணுக்கு ரெண்டா" என்று யாருக்கோ சமாதானம் சொல்வதுபோல முணுமுணுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறார். அங்கேயும் சர்க்கரை போட்டாயிற்றா என்று இரண்டு தடவை கேட்பார். "போட்டாச்சு, கலக்கியாச்சு, நானே ஒரு வாய் குடிச்சும் பாத்தாச்சு. கையெழுத்துப் போட்டுத் தரவா?" என்பாள் சமையற்காரி. தபாலக்கா சிரிக்கமாட்டார். தலையை மட்டும் அசைப்பார். அதையும் இரண்டு முறை.

தபாலக்கா என்பது அந்த வீட்டுப் பெண்கள் இட்ட பெயர். அவர் பை சுமந்து தெருவில் நடப்பவர் அல்லர். நாளில் பெரும்பகுதி நாற்காலியை விட்டு எழாதவர். அடிக்கும் கணவனுக்கும் துரத்தும் உறவுக்கும் தப்பிவந்த பெண்கள் மறைந்து வாழும் வீடு அது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. மாடிச் சன்னல்களில் பகலிலும் கனத்த திரை தொங்கும். கீழ்த்தளத்தில், முன்னொரு காலத்தில் அரிசி மூட்டை அடுக்கியிருந்த சிற்றறையில், ஓர் இரும்பு அடுக்கின்மீது அந்த வீட்டின் மின்னஞ்சல்களை எல்லாம் வாங்கிப் பகிரும் கணினி வீற்றிருக்கிறது. விளக்கேற்றிய மாடத்தின்முன் அமர்பவரைப்போல அதன்முன் முதுகை நிமிர்த்தி அமர்ந்து, காலை முதல் மாலை வரை அதைக் காவல் காப்பது தபாலக்காவின் தொழில்.

அந்தக் கணினியை அவர் மாமனார் என்றே சொல்வார். "மூலையில உக்காந்திருப்பாரு. தானா ஒரு வார்த்தை பேசமாட்டாரு. யாராவது வந்து கேட்டா மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லிடுவாரு. அரிச்சந்திரன் வம்சம். அதுதான்டி எனக்கு பயமே."

அந்த அச்சத்தின் வேரைச் சற்று விளக்கவேண்டும். மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவது வீட்டின் பெயர். முன்னால் வருவது ஆளின் பெயர். ஓர் அஞ்சல் வந்தால், "இது என் வீடுதானா?" என்று முதலில் பார்க்கிறது கணினி. தன் வீடு என்றால் ஆளைத் தேடும். ஆள் இருந்தால் அவர் பெட்டியில் போட்டுவிட்டு வாய்மூடிக்கொள்ளும். ஆள் இல்லையென்றால், "இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை" என்று அனுப்பியவருக்கே மரியாதையாகத் திருப்பிச் சொல்லிவிடும். உலகம் முழுவதும் இது நல்ல பழக்கம். இந்த வீட்டில் மட்டும் இதுவே காட்டிக்கொடுக்கும் பழக்கம். தப்பிப்போன மனைவியைத் தேடும் ஒருவன், தோன்றிய பெயர்களுக்கெல்லாம் கடிதம் போட்டுக்கொண்டே வந்தால் போதும். திரும்பி வருபவை இல்லாத பெயர்கள். எது திரும்பி வரவில்லையோ, அங்கே அவள் இருக்கிறாள். மௌனமே சாட்சி சொல்லிவிடும்.

ஆகவே தபாலக்கா மாமனாரின் வாயைக் கட்டிவைத்திருந்தார். இந்த வீட்டின் பெயருக்கு எந்த ஆளின் பெயரில் அஞ்சல் வந்தாலும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளவேண்டும். உரியவர் இருந்தால் அவர் பெட்டியில் சேர்க்கவேண்டும். இல்லாதவர்களுக்கு வந்ததையெல்லாம் ஒரு பொதுப்பெட்டியில் கொட்டவேண்டும். அதற்கு அவர் இட்ட பெயர் 'யாருமில்லாப் பெட்டி.'

இதற்கும் மேலே ஒரு காப்பு உண்டு. வீட்டுக்கு வரும் பெண்களுக்குச் சொந்தப் பெயரில் முகவரி தரமாட்டார். பறவைப் பெயர்தான். "எனக்கு ஏன்க்கா நாரைன்னு வெச்சீங்க? கழுத்து அவ்வளவு நீளமாவா இருக்கு?" என்று ஒருத்தி சண்டைக்கே வந்திருக்கிறாள். "மயில் காலியா இல்ல. அவ போனதும் உனக்குத் தரேன்" என்று சிரிக்காமல் பதில் சொல்வார்.

ஒவ்வொரு காலையிலும் முதல் வேலை, யாருமில்லாப் பெட்டியைத் திறப்பது. திரையின் மேற்பாதியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு வரிவரியாகத்தான் படிப்பார். முழுவதையும் ஒரேயடியாகப் பார்க்கும் துணிவு அவருக்கு இல்லை. விளம்பரங்கள் இருக்கும். இடையிடையே வேறு குரல்கள் இருக்கும். உன் அம்மா சாகக் கிடக்கிறாள், வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போ. நான் திருந்திவிட்டேன். பிள்ளையை அனுப்பிவிடு, உன்னை விட்டுவிடுகிறேன். எங்கே இருக்கிறாய் என்று தெரியும். இல்லாத பெண்களுக்கு வந்த இத்தனையையும் இருக்கிற ஒருவர் படித்துமுடித்து, தீவிரமானவற்றை வீட்டை நடத்தும் பெரியக்காவிடம் சொல்லிவிட்டு, எஞ்சியதைத் துடைத்தெறிந்துவிட்டு, எழுந்துபோய்க் கைகழுவுவார். சோப்பு இரண்டு முறை. தபாலக்கா இந்த வீட்டுக்கு முதலில் வேலைக்கு வந்தவரா, தங்க வந்தவரா என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

பறவைப் பெயருக்கு ஒரே ஒரு விலக்கு மாடி அறையில் தன் மகளோடு இருந்தது. கணக்கு டீச்சர். சான்றிதழ்களில் உள்ள பெயரிலேயே முகவரி வேண்டும், பள்ளிக்கூட வேலைக்கு எழுதிப்போட்டிருக்கிறேன் என்றாள். "குயில்னு கையெழுத்துப் போட்டா யாருக்கா வேலை குடுப்பா?" தபாலக்கா மூன்று நாள் யோசித்தார். பெரியக்கா ஒரு நிமிடம் யோசித்தார். "குடு. அவ சொந்தக் கால்ல நிக்கணும்னுதானே இவ்வளவும்." கொடுத்தார். அன்றிலிருந்து மாடிப்படியில் டீச்சரின் காலடி கேட்கும்போதெல்லாம் தபாலக்காவின் விரல்கள் விசைப்பலகையின்மேல் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் மறுபடி இயங்கும்.

அந்த வாரம் வீட்டில் ஒரு நல்ல காரியம் நடந்தது. பின்கட்டில் பெண்கள் நடத்திவந்த சலவைப் பிரிவுக்கு விடுதிகளிலிருந்து வேலை வரத் தொடங்கியிருந்தது. அதற்கென்று @ குறிக்குப் பின்னால் போடத் தனியாக ஒரு பெயர் வாங்கினார்கள். அந்தப் பெயருக்கு வரும் அஞ்சலையும் மாமனார் தன் வீட்டு அஞ்சலாக ஏற்றுக்கொள்ளவேண்டும். அதைச் சொல்லிவைக்கவேண்டியது தபாலக்காவின் பொறுப்பு.

மாமனாருக்கு இரண்டு கோப்புகள் உண்டு. முதற்கோப்பில் உள்ள வீட்டுப் பெயர்களுக்குச் சட்டம் எளிது: ஆள் இருந்தால் வாங்கு, இல்லையென்றால் இல்லை என்று சொல். இரண்டாவது கோப்பில் உள்ள பெயர்களுக்கு வாய்க்கட்டு: யார் வந்தாலும் வாங்கு, எதுவும் சொல்லாதே. சலவைப் பிரிவில் மறைக்க ஒன்றுமில்லை. அதன் பெயர் முதற்கோப்புக்குப் போதும். எழுதினார். எழுதியபின் அவர் கண், மேலும் கீழும் இரண்டு முறை ஓடியது. வீட்டின் பெயர் அங்கே இல்லை. இல்லாததற்குக் காரணம் அவருக்குத் தெரியும். அவரே இரண்டாவது கோப்பில் தனியே எடுத்து வைத்தது. ஆனாலும் எப்போதும் கூடவே கிடக்கும் அந்தப் பயம், 'விட்டுப்போச்சோ?' என்றது. இருக்கட்டும், ஒன்றுக்கு இரண்டாக. கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் இருந்தால் நல்லதுதானே? வீட்டின் பெயரை அங்கேயும் எழுதினார். வேறு யாராவது அப்படி எழுதியிருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பார்.

மாமனார் முதற்கோப்பைத்தான் முதலில் படிப்பவர். அங்கே பெயர் கிடைத்துவிட்டால் இரண்டாவதைத் தொடுவதே இல்லை. வாய்க்கட்டு அவிழ்ந்தது.

தபாலக்கா சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. தமக்கே ஓர் அஞ்சல் போட்டார், வந்தது. சலவைப் பிரிவுக்கு ஒன்று, வந்தது. இரண்டையும் மறுபடி போட்டார், மறுபடி வந்தன. இருப்பவர்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று பார்த்தாரே தவிர, இல்லாதவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் யாருமில்லாப் பெட்டியைத் திறந்தார். வழக்கம்போல உள்ளங்கையை உயர்த்தித் திரையின் மேற்பாதியை மறைத்துக்கொண்டார். கீழ்ப்பாதி வெறுமையாக இருந்தது. கையை மெல்ல இறக்கினார். மேற்பாதியும் வெறுமையாக இருந்தது. வசையில்லை, கெஞ்சலில்லை, ஒரு விளம்பரம்கூட இல்லை. இத்தனை காலமாக அந்தப் பெட்டி ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. ஊளையிடும் நாயைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். அது திடீரென்று ஊளையை நிறுத்தும்போதுதான் மயிர் சிலிர்க்கிறது.

மாமனார் நேற்று யார் யாருக்கு என்ன பதில் சொன்னார் என்பதைத் திரையில் ஓடவிட்டார். கிடைத்தது. யாரோ ஒருவன், ஒரே முகவரியிலிருந்து, டீச்சரின் பெயரைக் கொண்டு முயன்றிருக்கிறான். தகப்பன் பெயரைச் சேர்த்து ஒன்று. இங்கே யாரும் இல்லை. கணவன் பெயரைச் சேர்த்து ஒன்று. இங்கே யாரும் இல்லை. செல்லப்பெயர் ஒன்று, யாரும் இல்லை. பின்பு சான்றிதழில் உள்ள வெறும் பெயர். மாமனார் அதை வாங்கிக்கொண்டு வாய்மூடிவிட்டார். அதோடு அவன் தேடுவதை நிறுத்திவிட்டான்.

அந்தக் கடிதம் இன்னும் டீச்சரின் பெட்டியில் திறக்கப்படாமல் கிடந்தது. தபாலக்கா அதன் அளவைப் பார்த்தார். உள்ளே ஒரு சொல்லும் இல்லை. அவனுக்குச் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. தெரிந்துகொள்வதற்கு மட்டுமே இருந்தது.

பெரியக்காவின் அறைக்கு அவர் போனபோது அங்கே டீச்சரும் இருந்தாள். மகளின் பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் கேட்க வந்திருந்தாள். தபாலக்கா கதவைச் சாத்தினார். சாத்தியதைத் தள்ளிப் பார்த்தார். சொன்னார்.

"சுருக்கமா சொல்லு" என்றார் பெரியக்கா. "அவனுக்கு இப்ப என்ன தெரியும்?"

"நம்ம மெயில்ல இவ பேர்ல பெட்டி இருக்குன்னு தெரியும். தெரு தெரியாது. ஆனா எந்த அமைப்புன்னு தெரிஞ்சுபோச்சு. இனி நம்ம ஆளுங்க யார் பின்னாடியாவது நடந்து வந்தாப் போதும்."

"யார் செஞ்ச தப்பு?"

"நான்தான்க்கா. நான்தான்."

"ஒருதடவை சொன்னா போதும்."

டீச்சர் பொத்தானை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். "செல்லப்பேருன்னீங்களே, என்ன பேரு அது?" தபாலக்கா சொன்னார். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அவர்தான். அந்தப் பேரு இந்த ஒலகத்துல அவருக்கும் எங்க அப்பாவுக்கும்தான் தெரியும். அப்பா இப்ப உயிரோட இல்ல." பிறகு, "மறுபடியும் பெட்டி கட்டணுமாக்கா? ஸ்கூல்ல இருந்து லெட்டர் இந்த வாரம் வந்துரும்னாங்க. பாப்பா இப்பதான் ஒரு ஃப்ரெண்டு பிடிச்சிருக்கா. போன ஊர்ல பிடிச்சவ பேரையே இன்னும் தூக்கத்துல சொல்றா" என்றாள்.

"கட்டி வை" என்றார் பெரியக்கா. "போறதா இருக்கறதான்னு சாயங்காலம் சொல்றேன். இன்னிக்கு யாரும் வெளிய போகவேண்டாம். பாப்பாவும்தான்." பிறகு தபாலக்காவின் பக்கம் திரும்பினார். "நீ என்ன செய்யப்போற?"

"போய் உடனே திருத்திடறேன்."

அப்படித்தான் போனார். முதற்கோப்பைத் திறந்து, வீட்டின் பெயர்மேல் சுட்டியை வைத்து, அழிக்கும் விசையின்மேல் விரலையும் வைத்தார். விரல் அங்கேயே நின்றது. திருத்திவிட்டால் இந்தக் கணமே மாமனார் பழையபடி எல்லாப் பெயருக்கும் வாய்மூடிக்கொள்வார். நேற்றுத் தள்ளிய பெயர்களை இன்று வாங்கிக்கொள்வார். தேடுகிறவன் ஒரேயொருமுறை பெயரை மாற்றிப் போட்டுப் பார்த்தால், உள்ளே யாரோ விழித்துக்கொண்டு எதையோ மறைக்கிறார்கள் என்று கண்டுகொள்வான். திருத்திவிட்டு, டீச்சரின் பெயருக்கு மட்டும் 'இல்லை' என்று சொல்லவைத்தால் அதைவிட மோசம். எல்லாரையும் வாங்கும் வாசல் ஒரு பெயரை மட்டும் தள்ளினால், அந்தப் பெயர்தான் உள்ளே இருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்டியதாகும்.

செய்த பிழையை இன்று திருத்தக்கூடாது. அது அப்படியே நிற்கவேண்டும். எல்லாருக்கும் இல்லை என்றுதான் மாமனார் சொல்லவேண்டும். எல்லாரோடும் சேர்த்து இவளுக்கும்.

நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து, எதையும் எப்போதும் துடைத்துச் சரிசெய்தே பழகிய அந்தக் கைகளை மடியில் சிறிதுநேரம் கோத்து வைத்துக்கொண்டார். பிறகு வேலை தொடங்கியது. டீச்சரின் பெட்டியைப் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் அஞ்சலுக்கு மட்டும் திறந்துவைத்தார். வேறு எங்கிருந்து வந்தாலும் ஆள் இல்லை. மற்றப் பெண்கள் பறவைகளாகவே இருந்தார்கள். அவர்களை யாரும் பெயர் சொல்லித் தேடமுடியாது. எஞ்சியது நேற்று வாங்கிக்கொண்ட அந்த வெற்றுக்கடிதம். கணினிகள் சிலசமயம் வாசலில் அஞ்சலை வாங்கிவிட்டு, உள்ளே தேடிப்பார்த்து ஆளைக் காணாமல், பிந்தி வந்து இல்லை என்று சொல்வதுண்டு. அப்படி ஒரு பதிலை அவர் எழுதவேண்டியிருந்தது.

பெரியக்கா வாசலில் வந்து நின்றார். "இத்தனை வருஷமா ஒரு லீவு லெட்டர்லகூட நீ பொய் சொன்னதில்லையே. காய்ச்சல்னு எழுதினா தெர்மாமீட்டரையும் சேத்து அனுப்புவ."

"நான் எங்கக்கா சொல்றேன்? மாமனார் சொல்றாரு" என்றார் தபாலக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். உணர்ச்சியே இல்லாத, உப்பில்லாத, கணினிகளுக்கே உரிய அந்த நடையில் ஒவ்வொரு சொல்லாக வைத்தார். 'தங்கள் அஞ்சலைச் சேர்ப்பிக்க இயலவில்லை.' ஒரு சொல் அன்பாகப் பட்டது, எடுத்துவிட்டார். ஒரு சொல் கோபமாகப் பட்டது, அதையும் எடுத்துவிட்டார். வாய்க்குள் ஏதோ ஒரு பாட்டின் அடியைச் சொல்லிக்கொண்டே அனுப்பினார்.

பகல் நகரவில்லை. பால்காரர் மணியடித்தபோது சமையற்கட்டில் ஒரு தட்டு விழுந்தது. துணி ஏற்ற வந்த வண்டி பின்வாசலில் நின்றபோது சலவைப் பெண்கள் பேச்சை நிறுத்திக் காத்திருந்து, ஓட்டுநரின் குரலைக் கேட்டபிறகே கதவைத் திறந்தார்கள். தெருவில் ஓர் ஆள் எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்று நெடுநேரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாடித் திரையின் விளிம்பில் ஒரு கண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு பெண் வந்து அவன் தோளில் தட்ட, இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். மேலே பாப்பா பள்ளிக்குப் போகாத குறையைத் தீர்ப்பதுபோல வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழாம் வாய்ப்பாட்டில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுந்தாள். அவள் அம்மா திருத்தவில்லை.

வெயில் சாயும் வேளையில் டீச்சர் கீழே இறங்கி வந்தாள். கையில் கட்டிய பெட்டி; பெரியக்கா இன்னும் முடிவு சொல்லியிருக்கவில்லை. அதை வாசற்படி ஓரத்தில் வைத்துவிட்டுத் தபாலக்காவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். ஸ்கூல் லெட்டர் வந்ததா என்று அவள் கேட்கவில்லை. வரவில்லை என்று இவரும் சொல்லவில்லை.

"என்மேல கோவமா?" என்றார் தபாலக்கா, திரும்பாமல்.

"கோவப்பட இன்னிக்கு நேரமில்லக்கா. நாளைக்கு படறேன்."

திரையில் ஒரு வரி தோன்றியது. இருவரும் ஒரே சமயத்தில் பார்த்தார்கள். அதே அனுப்புநர். அதே வெறும் பெயர். மாமனாரின் வாசலில் வந்து நிற்கிறான். டீச்சரின் மூச்சு தபாலக்காவின் பிடரியில் பட்டு, அப்படியே நின்றுபோயிற்று. மாடியில் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கம்பிவழியாக அவன் காதுக்குப் போய்விடும் என்பதுபோல இருவரும் அசையாமல் இருந்தார்கள்.

மாமனார் அவசரப்படவில்லை. முதற்கோப்பைப் படித்தார். வீட்டின் பெயரைக் கண்டார். ஆளைத் தேடினார். அடுத்த வரி எழுந்தது: இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை.

தபாலக்கா அந்த வரியை ஒருமுறை படித்தார். பின்பு திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே இடக்கையைப் பின்னால் நீட்டி, தடவி, டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியைத் தளர்த்தினார். மறுபடியும் பிடித்துப் பார்த்தார்.